ஜப்பானில் ஆசிரியர் வேலை, கோடையில் ஃபூஜி மலை: முதல் தடவை ஏறுபவர்களுக்கு

ஃபூஜி மலை விஷயத்தில் எனக்கு அதிகம் தொல்லை கொடுத்தது ஏற்றத்தை விட அதற்கு முந்தைய முன்பதிவுகள்தான். மலையில் இரவு தங்கும் குடிலுக்கு ஓர் இணையதளம், நுழைவுக் கட்டணத்துக்கு இன்னொரு தளம், பஸ்ஸுக்கு வேறொன்று. பாதைக்குப் பாதை விதியும் மாறும். டோக்கியோவில் ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே, மாலையில் இதையெல்லாம் துண்டு துண்டாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லும் கட்டணமும் விதியும் 2025 பருவத்தில் இருந்தவை. வருடா வருடம் பருவம் தொடங்குவதற்கு முன் மாற்றுகிறார்கள். பணம் கட்டும் முன் அதிகாரப்பூர்வத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் தேதி, அப்புறம் குடில், அப்புறம் நுழைவுப் பதிவு, கடைசியில்தான் பஸ். பஸ் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, அந்தத் தேதிக்குக் குடில் கிடைக்காமல் எல்லாவற்றையும் மாற்றியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

1. பள்ளி நாட்காட்டியை வைத்துத் தேதி குறியுங்கள்

மலை திறந்திருப்பது கோடையில் மட்டும். யமனாஷி மாகாணப் பக்கத்து யோஷிதா பாதை ஜூலை 1 முதல் செப்டம்பர் 10 வரை. ஷிசுவோகா மாகாணப் பக்கத்து மூன்று பாதைகளும் ஜூலை 10 முதல் செப்டம்பர் 10 வரை. மற்ற மாதங்களில் குடில்கள் மூடியிருக்கும், மேலே பனி இருக்கும், உதவிக்கு ஆள் இருக்காது. மே மாத நீண்ட விடுமுறையில் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது.

ஜப்பானியப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை 20ஐ ஒட்டித் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை போகும். ஆனால் மாணவர்களுக்கு விடுமுறை என்றால் ஆசிரியருக்கும் விடுமுறை என்று நினைத்துவிடாதீர்கள். அரசுப் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராக இருப்பவர்கள் பலர் ஆகஸ்டிலும் அலுவலகத்தில் உட்கார வேண்டியிருக்கும். மலைக்குப் போகும் இரண்டு நாளுக்கும் ‘நென்கியூ’ எனப்படும் ஆண்டு விடுப்பை எழுதிக் கொடுக்க வேண்டும். தனியார் நிறுவனம் வழியாகப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு ஆகஸ்ட் சம்பளம் குறைவாக வருவதும் சகஜம். ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுச் செலவைத் திட்டமிடுங்கள்.

ஜூன் முழுக்கவும் ஜூலை நடுப்பகுதி வரையும் மழைக்காலம். ஜூலை 20க்கு மேல் ஆகஸ்ட் முதல் வாரம் வரை உள்ள வார நாட்கள்தான் என் முதல் தேர்வு. ஜூலை மூன்றாவது திங்கட்கிழமை வரும் கடல் தின விடுமுறை, ஆகஸ்ட் 11 மலை தினம், 13 முதல் 16 வரை முன்னோரை நினைக்கும் ஓபோன் நாட்கள், எந்தச் சனிக்கிழமையும், இவற்றைத் தவிருங்கள். பாதையில் வரிசையில் நிற்க வேண்டிவரும். ஆகஸ்ட் பிற்பாதியில் கூட்டம் குறையும், ஆனால் புயல் பயம் கூடும்.

கோடையில் ஊருக்குப் போகிறவர்கள் மலையை முடித்துவிட்டு விமானம் ஏறுவது நல்லது. ஒரு மாதம் வீட்டுச் சாப்பாடும் உறவினர் வீடுகளுமாக இருந்துவிட்டு வந்து நேரே மலை ஏறினால், அதுவரை பழக்கிய கால் ஒத்துழைக்காது.

2. பாதையைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு பாதைகள். அடிவாரம் முதல் உச்சி வரை ஏற்றத்தைப் பத்து நிலையங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாதையும் அதனதன் ‘கோகோமே’யில், அதாவது ஐந்தாம் நிலையத்தில் தொடங்கும்.

யோஷிதா: சுமார் 2,300 மீட்டரில் தொடக்கம். ஏற ஆறு மணி நேரம், இறங்க நான்கு. குடில்கள் அதிகம், டோக்கியோவிலிருந்து நேரடி பஸ் உண்டு, கூட்டமும் இங்கேதான். வழிகாட்டிப் பலகையின் நிறம் மஞ்சள்.

ஃபூஜினோமியா: சுமார் 2,400 மீட்டர். தூரம் குறைவு, சரிவு அதிகம். ஏறவும் இறங்கவும் ஒரே வழி. நீலப் பலகை.

சுபாஷிரி: சுமார் 2,000 மீட்டர். ஆரம்பத்தில் காட்டு வழி, அமைதியானது. இறங்கும்போது எரிமலை மணலில் நீண்ட சறுக்கு. சிவப்புப் பலகை.

கோதெம்பா: 1,440 மீட்டர். நீளமானது, குடில்கள் மிகக் குறைவு. முதல் தடவைக்கு வேண்டாம். பச்சைப் பலகை.

முதல் தடவைக்கு யோஷிதா என்பதுதான் என் பரிந்துரை. கூட்டம் பிடிக்காதவர்கள், ஏற்கெனவே மலை நடந்து பழக்கம் உள்ளவர்கள் சுபாஷிரிக்குப் போகலாம்.

ஒரு பொறி: “ஐந்தாம் நிலையத்தில் சந்திப்போம்” என்று நண்பர்களிடம் வெறுமனே சொல்லிவிடாதீர்கள். நான்கு ஐந்தாம் நிலையங்களும் மலையின் வெவ்வேறு பக்கங்களில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலையில் சுற்றிப்போனால் அன்றைய ஏற்றமே போச்சு. பாதையின் பெயரோடு சொல்லுங்கள்.

3. குடிலை முதலில் பிடியுங்கள்

இரவு முழுக்கத் தூங்காமல் ஏறி, சூரியோதயம் பார்த்து, அன்றே இறங்குவதைத் தவிர்க்கத்தான் இப்போது விதிகளே இருக்கின்றன. நான்கு பாதைகளிலும் மதியம் 2 மணி முதல் அதிகாலை 3 மணி வரை, குடில் முன்பதிவு இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் குடில் உறுதியாகாமல் மற்ற எதையும் செய்யாதீர்கள்.

பெரும்பாலான குடில்கள் ஏப்ரல், மே மாதங்களில் முன்பதிவைத் திறக்கின்றன. வார இறுதிகள் உடனே தீரும். ஆளுக்கு ஓர் இரவுக்கு 10,000 முதல் 16,000 யென் வரை ஆகும். சாப்பாடு சேர்த்தால் ஒரு விலை, சேர்க்காவிட்டால் ஒரு விலை. சில குடில்களில் ஆங்கிலத்திலேயே பதிவு செய்யலாம். சிலவற்றில் ஜப்பானிய மொழியில் தொலைபேசிதான். அப்படியானால் பள்ளியில் ஜப்பானிய சக ஆசிரியர் ஒருவரைக் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்து தருவார்கள்.

பதிவு செய்யும்போது நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ரத்துக் கட்டணம் எவ்வளவு, புயலுக்கு மலை மூடினால் பணம் திரும்புமா, எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும், படுக்கைக்கு நடுவே தடுப்பு உண்டா. கடைசிக் கேள்வி பெண்களுக்கு முக்கியம். பல குடில்களில் தெரியாதவர்களோடு தோள் இடிக்க வரிசையாகத்தான் படுக்க வேண்டும். இப்போது சில குடில்கள் தனித்தனி அறைபோலத் தடுத்திருக்கின்றன. கொஞ்சம் கூடுதல் விலை, கொடுக்கலாம்.

ஏழாம் நிலையத்துக்கும் எட்டாம் நிலையத்துக்கும் இடையில் உள்ள குடிலே முதல் தடவைக்குச் சரி. இன்னும் மேலே போய்ப் படுத்தால் மறுநாள் ஏற்றம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் 3,400 மீட்டரில் தலைவலியோடு தூக்கம் வராது.

4. நுழைவுப் பதிவும் 4,000 யென்னும்

2025 முதல் நான்கு பாதைகளுக்கும் ஆளுக்கு 4,000 யென். முந்தைய வருடம் யோஷிதாவில் 2,000 யென்னாக இருந்தது. பழைய கட்டுரைகளை நம்பி ஏமாறாதீர்கள்.

யோஷிதாவுக்கு யமனாஷி மாகாணத்தின் தளத்தில் தேதியைத் தேர்ந்து, அட்டையில் பணம் கட்டினால் கியூஆர் குறியீடு வரும். ஒரு நாளைக்கு 4,000 பேர்தான். ஷிசுவோகாப் பக்கத்துப் பாதைகளுக்கு ‘ஃபூஜி நாவி’ என்ற செயலி. அதில் பாதுகாப்பு விதிகளைப் படித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, குடில் விவரத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு செய்யலாம் என்று விடாமல் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

குறியீட்டைப் படமாகச் சேமித்து, ஒரு தாளிலும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். வாயிலில் காட்டினால் கையில் பட்டை கட்டுவார்கள், இறங்கும் வரை கழற்றக் கூடாது. யோஷிதா வாயிலில் உங்கள் பொருட்களையும் பார்ப்பார்கள். சரியான மழையுடையும் குளிருடையும் இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

5. பஸ்

டோக்கியோவின் ஷிஞ்சுகு நெடுஞ்சாலைப் பேருந்து முனையத்திலிருந்து யோஷிதாவின் ஐந்தாம் நிலையத்துக்கு நேரடி பஸ். இரண்டரை மணி நேரம், ஒரு வழிக்கு சுமார் 4,000 யென். இருக்கைகள் ஒரு மாதத்துக்கு முன்பு திறக்கும்; அன்றே எடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் கவாகுச்சிகோ ரயில் நிலையம் வரை போய், அங்கிருந்து உள்ளூர் பஸ்ஸில் சுமார் 50 நிமிடம். சுபாஷிரிக்கு கோதெம்பா ரயில் நிலையத்திலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். பருவத்தில் கோதெம்பா தவிர மற்ற மூன்று தொடக்க இடங்களுக்கும் சொந்தக் கார்களை மேலே விடுவதில்லை, எனவே நண்பர் காரில் போகிறோம் என்றாலும் கடைசித் தூரம் பஸ்தான்.

போகும்போது காலையில் கிடைக்கும் முதல் பஸ். திரும்புவதற்கு, நீங்கள் கணக்குப் போட்ட நேரத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதமான பஸ்.

6. பையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

குடியிருப்பு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், மலையிலும் அப்படித்தான். கூடவே மருத்துவக் காப்பீட்டுச் சான்று, குடில் உறுதிக் கடிதம், நுழைவுக் குறியீடு, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஒருவரின் எண் எழுதிய தாள்.

வழக்கமான மருத்துவக் காப்பீடு டாக்டர் செலவைப் பார்த்துக்கொள்ளும், மலையில் நீங்கள் காணாமல் போனால் தனியாரை வைத்துத் தேட ஆகும் செலவைப் பார்க்காது. அதற்கென்று ஒரு நாள், இரண்டு நாள் மலையேற்றக் காப்பீடுகள் சில நூறு யென்னிலிருந்து ஆன்லைனிலேயே கிடைக்கின்றன. எடுங்கள்.

மலையேற்றத் திட்டத்தைப் பதிவு செய்யவும் மறக்காதீர்கள். ‘கொம்பாசு’ என்ற இணையச் சேவையில் பெயர், பாதை, குடில், திரும்பும் நேரம் எல்லாம் கொடுத்துவிடலாம். அதன் நகலை வீட்டில் ஒருவருக்கும் பள்ளியில் ஒருவருக்கும் அனுப்புங்கள். வெளிநாட்டில் தனியாக இருப்பவர் திரும்பி வராவிட்டால் முதலில் கவனிப்பது பெரும்பாலும் பள்ளி அலுவலகம்தான்.

7. வசந்தத்திலேயே கால்களைப் பழக்குங்கள்

நாள் முழுக்க நின்று பாடம் எடுப்பதால் கால் வலுவாக இருக்கும் என்று நினைக்கலாம். நிற்பது வேறு, 1,400 மீட்டர் உயரம் ஏறுவது வேறு.

ஏப்ரலில் தகாவோ மலை, 599 மீட்டர். ஷிஞ்சுகுவிலிருந்து கெயோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். மே மாதம் கனகாவாவின் ஓயாமா, 1,252 மீட்டர், கேபிள் கார் இல்லாமல் ஏறுங்கள். ஜூனில் மழை இல்லாத ஒரு நாள் பார்த்து தன்சாவா தொடரின் தோனோதாகே, 1,491 மீட்டர். ஒதாக்யூ ரயிலில் ஷிபுசாவா இறங்கி, ஓகுரா வரை பஸ். அங்கிருந்து உச்சி வரை ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றம், பாதிக்கு மேல் படிக்கட்டு. இதை ஏறி இறங்கி மறுநாள் வகுப்புக்கு நொண்டாமல் போக முடிந்தால் ஃபூஜிக்கு நீங்கள் தயார். வாங்கிய காலணி, பை, மழையுடை எல்லாவற்றையும் இங்கேயே பழகிவிடுங்கள்.

கோடையில் தன்சாவாவில் அட்டைகள் உண்டு, காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள். கரடியும் இருக்கிற பகுதி, பையில் மணி கட்டுங்கள்.

8. உடையும் பொருளும்

டோக்கியோவில் 35 டிகிரியில் வேர்த்துக்கொண்டு பஸ் ஏறுவீர்கள். உச்சியில் ஜூலை, ஆகஸ்ட் சராசரியே 5, 6 டிகிரிதான். விடியலுக்கு முன் காற்றோடு சேர்ந்தால் உறைநிலை போலவே இருக்கும். நம் ஊரில் சமவெளியில் வளர்ந்தவர்கள் இந்தக் குளிரைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

மேலும் கீழும் தனித்தனியாக உள்ள மழையுடை கட்டாயம். 500 யென் பிளாஸ்டிக் அங்கி முதல் காற்றிலேயே கிழிந்துவிடும். வேலையாட்களுக்கான உடை விற்கும் வொர்க்மேன் கடைகளில் 5,000 யென் அளவில் தாக்குப்பிடிக்கும் மழையுடை கிடைக்கிறது. பருத்தி டீசட்டை வேண்டாம், வேர்வை காயாது. கணுக்கால் மூடும் காலணி, ஹெட்லேம்ப், அதற்கு மாற்று பேட்டரி, கையுறை, கம்பளித் தொப்பி, ஊன்றுகோல், இறங்கும்போது தூசிக்கு முகமூடி, போனுக்கு பவர் பேங்க்.

ஒருமுறைதான் ஏறப்போகிறீர்கள் என்றால் வாடகைக்கு எடுங்கள். ஷிஞ்சுகுவிலும் கவாகுச்சிகோவிலும் கடைகள் உண்டு. முழுத் தொகுப்பு 10,000 யென்னிலிருந்து ஆகும். காலணியை மட்டும் சொந்தமாக வாங்கிப் பழக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சேர்த்தால் ஒருவருக்கு 35,000 முதல் 45,000 யென் வரை வைத்துக்கொள்ளுங்கள். இதில் காலணி சேரவில்லை.

9. சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை

குடிலில் இரவுக்குப் பெரும்பாலும் கறி ரைஸ், அதாவது குழம்பு ஊற்றிய சோறு. சைவம் சாப்பிடுபவர்கள் கவனியுங்கள்: மேலே இறைச்சித் துண்டு இல்லாவிட்டாலும் குழம்பைக் கரைக்கும் மசாலாக் கட்டியிலேயே மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். சூப்பில் மீன் சாறு இருக்கும். இறைச்சி இல்லை என்று குடிலில் சொன்னால் அவர்கள் மனதில் இருப்பது துண்டுகள் மட்டுமே. கொழுப்பைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். சாப்பாடு இல்லாத விலையில் பதிந்து, கையில் கொண்டுபோவதுதான் நிம்மதி. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறிய புளியோதரை மறுநாள் காலை வரை தாங்கும். சப்பாத்தியும் ஊறுகாயும் அப்படியே. வெந்நீர் ஊற்றினால் சோறாகிற ‘அல்ஃபா மை’ பொட்டலம் விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். வெந்நீரைக் குடிலில் காசுக்கு வாங்கலாம். டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷிகசாய் பக்கம் இருப்பவர்கள் இந்திய மளிகைக் கடையில் பொட்டலக் குழம்பு வாங்கி இதோடு சேர்த்துக்கொள்ளலாம். கொன்பினி எனப்படும் சிறு கடைகளில் அவசரத்துக்கு வாங்குவதானால் உமேபோஷி (உப்பில் ஊறிய புளிப்புப் பழம்) வைத்த ஒனிகிரி (சோற்று உருண்டை).

தண்ணீர் இரண்டு லிட்டர் கீழேயிருந்தே சுமந்துவாருங்கள். மேலே பாட்டிலுக்கு 500 யென் வரை கேட்பார்கள்.

கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் 200, 300 யென். பெட்டியில் காசு போட வேண்டும், சில்லறை தரமாட்டார்கள். 100 யென் நாணயங்களாக ஒரு சின்னப் பை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். கழுவத் தண்ணீர் இருக்காது, கைகழுவவும் பெரும்பாலும் இருக்காது. ஈரத் துடைப்பான் நிறைய வேண்டும், அதன் குப்பையையும் கீழே கொண்டுவர வேண்டும். மலையில் குப்பைத் தொட்டி கிடையாது.

10. ஏறும் இரண்டு நாட்கள்

முதல் நாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கிளம்பாதீர்கள். ஐந்தாம் நிலையத்தில் குறைந்தது ஒரு மணி நேரம் இருந்தால் உடம்பு உயரத்துக்குப் பழகும். யோஷிதா பாதை ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் கீழே இறங்கும்; வழி தவறிவிட்டது என்று திரும்பிவிட வேண்டாம். ஏழாம் நிலையத்தில் கையை ஊன்றி ஏறும் பாறைப் பகுதி வரும். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில்தான் நடக்க வேண்டும். நிறையத் தண்ணீர். நாலு மணிக்குள் குடிலில் இருங்கள். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும்.

தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் நின்று ஓய்வெடுங்கள். குறையாவிட்டால் இறங்குங்கள், அதற்கு வேறு மருந்து இல்லை. கடையில் விற்கும் ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்குத்தான்.

உச்சியில் நின்றுதான் சூரியோதயம் பார்ப்பேன் என்ற பிடிவாதத்தை முதல் தடவை விட்டுவிடுங்கள். அதற்காக நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து, இருட்டில் வரிசையில் நின்று நின்று நகர்ந்து, மேலே போய்க் குளிரில் காத்திருக்க வேண்டும். யோஷிதாவும் சுபாஷிரியும் கிழக்குப் பார்த்த பாதைகள். ஜூலையில் நாலரை மணிக்கு, குடில் வாசலில் போர்வையோடு நின்றே பார்க்கலாம். அதே சூரியன்தான், மேகக் கடலுக்கு மேலே. பார்த்துவிட்டு வெளிச்சத்தில் ஏறினால், இரவில் போனவர்கள் இறங்கத் தொடங்கியிருப்பார்கள், உச்சி காலியாகும். உச்சியில் உள்ள எரிமலை வாயைச் சுற்றி நடக்க ஒன்றரை மணி நேரம். மலையின் மிக உயர்ந்த இடமான 3,776 மீட்டர் கெங்கமினே அந்தச் சுற்றில் வரும். காற்று பலமாக இருந்தால் சுற்றாதீர்கள்.

இறங்கும்போது பெரிய பொறி ஒன்று. யோஷிதாவும் சுபாஷிரியும் உச்சியிலிருந்து எட்டாம் நிலையம் வரை ஒரே வழியில் இறங்கி அங்கே பிரியும். முன்னால் போகிறவர்கள் பின்னாலேயே போய் சுபாஷிரியில் இறங்கிவிட்டவர்கள் ஏராளம். அங்கிருந்து உங்கள் பஸ் கிடைக்காது. பிரிவில் நின்று மஞ்சள் பலகையைப் பார்த்துவிட்டு நடங்கள். யோஷிதாவின் இறங்கு வழியில் குடில்கள் கிடையாது, கழிப்பறையும் அரிது. உச்சியிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள்.

11. வானிலை சரியில்லை என்றால்

‘தென்குரா’ தளத்தில் மலையேற்றத்துக்கு ஏற்ற நாளா என்று ஏ, பி, சி என்று காட்டுவார்கள்; ஏ ஏற்ற நாள், சி ஏற்றதல்ல. மூன்று நாள் முன்பிருந்து பாருங்கள். உச்சியில் காற்று வினாடிக்கு 15 மீட்டரைத் தாண்டும் என்றாலோ, புயல் நெருங்குகிறது என்றாலோ ரத்து செய்யுங்கள். குடிலுக்குக் கண்டிப்பாகத் தகவல் சொல்லுங்கள். ரத்துக் கட்டணம் கேட்டால் கட்டிவிடுங்கள். குடிலுக்குக் கொடுத்த பணத்தை வீணாக்கக் கூடாது என்று புயலில் ஏறுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மேலே விபத்து என்றால் 110 அல்லது 119.

12. மாணவர்கள் கேட்டால்

நீங்கள் போவது தெரிந்தால் பெற்றோர்கள் கேட்பார்கள்: “சார், எங்க பையனையும் கூட்டிட்டுப் போறீங்களா?” பள்ளியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் காப்பீடு அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது, ஏதாவது ஆனால் உங்கள் வேலையும் விசாவும் கேள்விக்குள்ளாகும். பெற்றோரும் கூடவே வந்து, அவர்களே முன்பதிவும் காப்பீடும் எடுத்தால் சேர்ந்து நடக்கலாம். முதல் தடவை நீங்கள் தனியாகவோ சக ஆசிரியரோடோ போய் வாருங்கள். பிள்ளைகளுக்கு தகாவோவும் ஓயாமாவும் இருக்கின்றன.